பிள்ளைகளின் முழங்கை வலி: சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள்



இந்தப் பக்கத்தில் வழக்கமாகச் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், கல்வி உதவித்தொகை போன்றவற்றைப் பற்றி எழுதி வருகிறோம். இந்த முறை விளையாடும் பிள்ளைகளின் முழங்கையைப் பற்றி எழுதுகிறோம். இதில் எங்கள் தவறும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தப் பாடத்தைச் சொல்ல முடியாது.

சென்ற கோடை விடுமுறையில் நம் டிரஸ்ட் சார்பில் சிறுவர்களுக்கு டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி நடத்தினோம். கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை, நன்மங்கலம், மேடவாக்கம் பகுதிகளிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். பிள்ளைகள் செல்போனை விட்டு மைதானத்துக்கு வந்ததே போதும் என்று மகிழ்ந்தோம். மைதானம் ஒரு நாளைக்குத்தான் கிடைத்தது. அதனால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஓர் அணி மூன்று ஆட்டம் ஆடும்படி அட்டவணை போட்டோம்.

அதில் 12 வயதுப் பையன் ஒருவன் மூன்று ஆட்டத்திலும் பந்து வீசினான். வீசாத நேரத்தில் எல்லைக் கோட்டருகே நின்று, அங்கிருந்தே விக்கெட் கீப்பருக்கு எறிந்தான். எறி பலமாக இருந்ததால் எல்லோரும் கைதட்டினோம். மாலையில் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "ஐஸ் வெச்சா சரியாப் போயிடும்ப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

வலி போகவில்லை. லோடு ஆட்டோ ஓட்டும் அவன் தகப்பனார், சுளுக்கு எடுக்கும் ஒருவரிடம் கூட்டிப் போனார். மூன்று வாரம் எண்ணெய் தேய்த்து உருவிவிட்டார்கள். வலி கொஞ்சம் குறைந்ததும் பையன் மறுபடியும் விளையாடப் போனான். பள்ளி அணித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் பந்தை எறியும்போது முழங்கைக்குள் 'படக்' என்று ஒரு சத்தம். கை வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் பார்த்தால், முழங்கையின் உட்புற எலும்பு முனை பெயர்ந்து விலகியிருந்தது. அறுவை சிகிச்சை செய்து ஸ்க்ரூ போட வேண்டியதாயிற்று. முதல் வாரத்திலேயே எறிவதை நிறுத்தி மருத்துவரிடம் போயிருந்தால், பெரும்பாலும் ஓய்விலேயே தீர்ந்திருக்கக்கூடிய விஷயம் இது.

அந்தத் தகப்பனார் எங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கே மனம் கேட்கவில்லை. அதன் பிறகு எலும்பு மருத்துவர்களிடமும் பிசியோதெரபிஸ்டுகளிடமும் கேட்டு அறிந்தவற்றை இங்கே பாடமாகத் தருகிறோம்.

வளரும் எலும்பு வேறு, வளர்ந்த எலும்பு வேறு

பிள்ளையின் எலும்பு பெரியவர் எலும்பின் சிறிய வடிவம் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. எலும்பின் முனைகளில் குருத்தெலும்பால் ஆன ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. அதற்கு வளர்ச்சித் தட்டு என்று பெயர். எலும்பு நீளமாக வளர்வது அங்கிருந்துதான். பிள்ளை வளர்ந்து முடிக்கும்போது அந்தத் தட்டு கெட்டியாகி எலும்போடு சேர்ந்துவிடும். அதுவரை அந்த இடம் மற்ற எலும்பைவிட பலம் குறைந்தது.

முழங்கையில் இப்படிப்பட்ட வளர்ச்சி மையங்கள் ஆறு இருக்கின்றன. பிறக்கும்போது இவை குருத்தெலும்பாகவே இருப்பதால் எக்ஸ்ரேயில் தெரியாது. சுமார் 1 வயதில் முதலாவது தெரியத் தொடங்கும். பிறகு ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒன்றாக, 11 வயதுக்குள் ஆறும் தெரியும். இவற்றுள் முழங்கையின் உட்புறத்தில், அதாவது உடம்பை ஒட்டிய பக்கத்தில், புடைப்பாகக் கைக்குத் தட்டுப்படும் முனை ஒன்று இருக்கிறது. இது 5 வயதையொட்டித் தோன்றும். ஆனால் எலும்போடு சேர்வதில் இதுதான் கடைசி. பெண் பிள்ளைகளுக்குச் சுமார் 14, 15 வயது வரையிலும், ஆண் பிள்ளைகளுக்கு 16, 17 வயது வரையிலும் இது திறந்தே இருக்கும். பிள்ளைகள் மும்முரமாக விளையாடும் வயதும் அதுதான்.

மணிக்கட்டையும் விரல்களையும் மடக்குகின்ற தசைகள் இந்த உட்புற முனையில்தான் வந்து ஒட்டுகின்றன. முழங்கை மூட்டை உட்புறமாகப் பிடித்து வைத்திருக்கும் தசைநாரும் இங்கேயே பிணைந்திருக்கிறது. கையை ஓங்கிப் பின்னால் கொண்டுபோய், முழங்கையை மடக்கி, வேகமாக முன்னால் எறியும்போது உட்புறம் இழுபடும், வெளிப்புறம் நசுங்கும். பெரியவர்களுக்கு இந்த இழுப்பு அளவு மீறினால் தசைநார் கிழியும். பிள்ளைகளுக்குத் தசைநார் தாங்கிவிடும், அது ஒட்டியிருக்கும் வளர்ச்சித் தட்டு விட்டுக்கொடுக்கும். முதலில் புண்ணாகும், பிறகு இடைவெளி விரியும், கடைசியில் பெயர்ந்துவிடும்.

வெளிப்புறம் நசுங்குவதாலும் கேடு உண்டு. அங்கே எலும்பின் ஒரு பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைந்து, மேலே மூடியுள்ள குருத்தெலும்போடு துணுக்காகப் பெயர்வதும் உண்டு. அந்தத் துணுக்கு மூட்டுக்குள் சிக்கினால் கையை மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொள்ளும். இது 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுகிறது. கவனிக்காமல் விட்டால் பிற்காலத்தில் மூட்டுத் தேய்மானம் வரை கொண்டுபோய் விடும்.

எந்த விளையாட்டில் இந்த ஆபத்து?

இந்த நோயை மருத்துவ உலகம் முதலில் அடையாளம் கண்டது அமெரிக்காவில், பேஸ்பால் ஆடும் சிறுவர்களிடம். 1960-ல் இரண்டு மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். அங்கே சிறுவர்களுக்கான பேஸ்பால் அமைப்பின் பெயர் லிட்டில் லீக் என்பதால், நோய்க்கு 'லிட்டில் லீகர்ஸ் எல்போ' என்றே பெயர் வந்துவிட்டது.

நம் ஊரில் பேஸ்பால் இல்லையே என்று நினைக்க வேண்டாம். கிரிக்கெட்டில் முறையாகப் பந்து வீசும்போது கை ஏறக்குறைய நேராகவே சுற்றி வருகிறது. அதனால் முழங்கைக்கு அவ்வளவு பாரம் இல்லை. வேகப் பந்து வீசும் பிள்ளைகளுக்கு முதுகும் தோளும்தான் அதிகம் அடிபடும். ஆனால் ஃபீல்டிங்கில் எல்லைக் கோட்டிலிருந்து எறிவது பேஸ்பால் எறிவதைப் போன்றதுதான். தெரு கிரிக்கெட்டில் கையை மடக்கி எறிவதைப் பிள்ளைகள் 'மாங்கா அடிக்கிறான்' என்று கேலி செய்வார்கள். அப்படி மடக்கி எறிவது ஆட்ட விதிக்கு மட்டும் ஆகாதது இல்லை, முழங்கைக்கும் ஆகாது. ஈட்டி எறிதலிலும் இதே இழுப்புதான். பெண் பிள்ளைகள் பள்ளியில் ஆடும் த்ரோபாலிலும் ஓங்கி எறிவது உண்டு. ஆகவே பெண் பிள்ளை கை வலி என்றால் "வேலைக்குச் சோம்பல்" என்று தள்ளிவிடக் கூடாது.

சிலர் இதை 'டென்னிஸ் எல்போ' என்று சொல்லிவிடுகிறார்கள். 2004-ல் சச்சின் டெண்டுல்கருக்கு வந்தது அது. முழங்கையின் வெளிப்புறத்தில் தசை எலும்போடு ஒட்டும் இடத்தில், பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருவது. வளரும் பிள்ளைக்கு வரும் உட்புற வலி வேறு.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

1. எறியும்போதோ எறிந்த பிறகோ முழங்கையின் உட்புறத்தில் வலி. அந்தப் புடைப்பை விரலால் அழுத்தினால் வலிக்கும்.
2. முன்பு எறிந்த தூரமும் வேகமும் குறைதல், குறி தவறுதல்.
3. கையை முழுமையாக நீட்ட முடியாமை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள்.
4. சுண்டு விரலிலும் மோதிர விரலிலும் மதமதப்பு. அந்த விரல்களுக்கான நரம்பு உட்புற முனைக்குப் பின்னால்தான் செல்கிறது.
5. மூட்டு பூட்டிக்கொள்வது, உள்ளே எதுவோ உரசுவது போன்ற உணர்வு.
6. எறியும்போது 'படக்' என்ற சத்தமும் உடனே வீக்கமும். இது எலும்பு முறிவு என்றே கருதி அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பிள்ளைகள் வலியை மறைப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அணியில் இடம் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. சட்டையைப் போடும்போதும், பள்ளிப் பையைத் தூக்கும்போதும், சாப்பிடும்போதும் கையை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று தாய்மார்கள் பார்த்தாலே தெரிந்துவிடும்.

சுளுக்கு எடுப்பதில் என்ன கேடு?

நம் பகுதியில் கை கால் வலி என்றால் முதலில் நினைவுக்கு வருவது எண்ணெயும் கட்டும்தான். செலவு குறைவு, பக்கத்திலேயே கிடைக்கிறது, காத்திருக்க வேண்டாம். கஷ்டப்படும் குடும்பங்கள் அங்கே போவதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் வளரும் பிள்ளையின் முழங்கையை மட்டும் உருவிவிடக் கூடாது. மூன்று காரணங்கள்.

முதலாவது, புண்ணான வளர்ச்சித் தட்டை இழுத்து உருவினால் அது மேலும் விலகும். இரண்டாவது, அடிபட்ட முழங்கையை அழுத்தித் தேய்ப்பதால் தசைக்குள்ளேயே எலும்பு போலக் கெட்டியாக வளர்ந்து, மூட்டு அசையாமல் போவது உண்டு. மூன்றாவது மிகவும் ஆபத்தானது. வீங்கிய கையில் இறுக்கமாகக் கட்டுப் போட்டால் உள்ளே ரத்த ஓட்டம் தடைப்படும். சில மணி நேரத்திலேயே தசைகள் செத்துப்போய், விரல்கள் நிரந்தரமாக மடங்கிவிடக்கூடும். கட்டுப் போட்ட பிறகு விரல்கள் குளிர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, மரத்துப்போனாலோ, விரலை நீட்டும்போது தாங்க முடியாத வலி இருந்தாலோ, எந்த நேரமானாலும் கட்டை அவிழ்த்துவிட்டு அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டாக இருந்தாலும் இதே எச்சரிக்கைதான். அதை வீட்டில் அவிழ்க்க முடியாது, உடனே அங்கே போய்ப் பிரிக்கச் சொல்ல வேண்டும்.

ஹஜ்ரத்திடம் ஓதிப் பார்க்கக் கூட்டி வரும் பெற்றோரும் இருக்கிறார்கள். துஆ செய்வதை யாரும் தடுக்கவில்லை. துஆவும் செய்வோம், எக்ஸ்ரேயும் எடுப்போம். இந்த உடல் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். அதைப் பழுதாகாமல் காக்க முயற்சி செய்வதும் நம் கடமையே.

மருத்துவர் என்ன செய்வார்?

மருத்துவர் முதலில் எந்த விளையாட்டு, எத்தனை நாளாக வலி, ஒரு வாரத்தில் எவ்வளவு எறிகிறான் என்று கேட்பார். இதற்குச் சரியான பதில் சொல்லத் தெரிந்த பெற்றோர் பிள்ளையின் சிகிச்சைக்குப் பாதி உதவி செய்துவிடுகிறார்கள். பிறகு எக்ஸ்ரே. பல சமயம் வலியில்லாத கையையும் சேர்த்து எடுக்கச் சொல்வார்கள். "நல்ல கைக்கு ஏன் செலவு" என்று நினைக்க வேண்டாம். வளரும் எலும்பில் எது இயல்பான இடைவெளி, எது விரிந்த இடைவெளி என்று ஒப்பிட்டால்தான் தெரியும். ஆரம்பக் கட்டத்தில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கலாம். அப்படி இருந்தாலும் வலி இருந்தால் எறியக் கூடாது. தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்.

எலும்பு பெயராத நிலையில் முக்கியமான சிகிச்சை ஓய்வுதான். எறிவதை முழுமையாக நிறுத்த வேண்டும். குறைந்தது 4 முதல் 6 வாரம், சில பிள்ளைகளுக்கு 3 மாதம் வரையிலும் ஆகும். முதல் சில நாட்கள் துணியில் சுற்றிய ஐஸை ஒரு தடவைக்கு 15 நிமிடம் வைக்கலாம். வலி மாத்திரை மருத்துவர் சொன்ன அளவில் மட்டும். மாத்திரை போட்டு வலியை அடக்கிக்கொண்டு ஆட அனுப்புவது மிகப் பெரிய தவறு. வலி என்பது உடல் கொடுக்கும் எச்சரிக்கை. அதை அணைத்துவிட்டால் எலும்பு பெயரும் வரை தெரியாது.

ஓய்வு என்றால் படுத்துக் கிடப்பது இல்லை. நடக்கலாம், ஓடலாம், காலுக்கும் இடுப்புக்கும் வயிற்றுத் தசைக்கும் பயிற்சி செய்யலாம். எறியும் பலம் கால்களிலிருந்தும் இடுப்பிலிருந்தும்தான் கைக்கு வருகிறது. அவை பலவீனமாக இருந்தால் எல்லாப் பாரமும் முழங்கையில் விழும். வலி தணிந்த பிறகு பிசியோதெரபிஸ்ட் தோளுக்கும் முன்கைக்கும் பயிற்சி தருவார்.

அழுத்தினால் வலி இல்லை, கை முழுமையாக நீள்கிறது, பலம் மறு கைக்குச் சமமாக வந்துவிட்டது என்று மூன்றும் சரியான பிறகுதான் மறுபடியும் எறியத் தொடங்கலாம். முதலில் பத்து, பன்னிரண்டு மீட்டர் தூரத்தில், மெதுவாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில எறிகள். வலி இல்லை என்றால் தூரமும் எண்ணிக்கையும் படிப்படியாகக் கூடும். வேகம் கடைசியில். வலி திரும்பினால் ஒரு படி கீழே இறங்க வேண்டும்.

எலும்பு முனை சற்றே விலகியிருந்தால் மாவுக்கட்டு போட்டுச் சில வாரம் அசையாமல் வைத்தாலே பெரும்பாலும் சேர்ந்துவிடும். அதிகம் விலகியிருந்தாலோ, துண்டு மூட்டுக்குள் சிக்கியிருந்தாலோ அறுவை சிகிச்சை தேவைப்படும். ஆறிய பிறகும் கையை நீட்டி மடக்கும் பயிற்சியைத் தொடராவிட்டால் முழங்கை இறுகிவிடும். மாவுக்கட்டு பிரித்ததோடு சிகிச்சை முடிந்துவிட்டது என்று நினைத்து நம்மில் பலர் ஏமாறுவது இங்கேதான்.

மூன்று மாதம் போனால் வாழ்க்கை போய்விடாது

"செலக்‌ஷன் வருது சார், இப்ப நிறுத்த முடியாது" என்று பையன்கள் சொல்கிறார்கள். பெற்றோரும் சொல்கிறார்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு கல்லூரி இடமோ, அரசு வேலையோ கிடைக்காதா என்ற ஏக்கம் எங்களுக்கும் புரிகிறது.

ஈட்டி எறிதல் வீரர் நீரஜ் சோப்ராவைப் பாருங்கள். 2019 மே மாதம் மும்பையில் அவருக்கு வலது முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது அவருக்கு வயது 21. வளர்ச்சித் தட்டு மூடிய வயது, எனவே அது வேறு வகைப் பிரச்சினை. ஆனால் அவர் காத்திருந்த விதம் நமக்குப் பாடம். அந்த ஆண்டு தோஹாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பை விட்டுக்கொடுத்தார். 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். 2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோவில் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். உலகப் போட்டியையே ஒருவர் விட்டுக்கொடுக்க முடியுமானால், ஒரு பள்ளித் தேர்வை நம் பிள்ளை விட்டுக்கொடுக்கலாம்.

எண்ணுவதுதான் தடுப்பு மருந்து

அமெரிக்காவில் லிட்டில் லீக் அமைப்பு முன்பு ஒரு சிறுவன் எத்தனை இன்னிங்ஸ் எறியலாம் என்றுதான் கணக்கிட்டது. 2007 முதல் எத்தனை எறி என்று எண்ணத் தொடங்கியது. 9, 10 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 75, 11, 12 வயதுப் பிள்ளைக்கு 85. வரம்பை ஒட்டி எறிந்த பிள்ளைக்கு அடுத்து 4 நாள் ஓய்வு. அங்கே 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், கை சோர்ந்த பிறகும் வழக்கமாக எறிந்துகொண்டிருந்த இளைஞர்கள் அறுவை சிகிச்சை வரை போகும் வாய்ப்பு 36 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 13 வயதுக்குட்பட்ட வேகப் பந்து வீச்சாளர்களுக்கு ஒரு தொடர்ச்சியில் 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர் என்று வரம்பு வைத்தது. அது முக்கியமாக முதுகைக் காப்பதற்கு. ஃபீல்டிங்கில் எறிவதை நம் மைதானங்களில் யாரும் எண்ணுவதே இல்லை. எங்கள் போட்டியில் அந்தப் பையன் எத்தனை முறை எறிந்தான் என்று கேட்டால் இன்றும் எங்களுக்குப் பதில் தெரியாது.

ஆகவே மஷூராவில் கலந்து பேசி, மருத்துவரின் ஆலோசனையோடு, இந்த ஆண்டுப் போட்டிக்குக் கீழ்க்கண்ட ஏற்பாடுகளை முடிவு செய்திருக்கிறோம். இவை எங்கள் போட்டிக்கான விதிகள். மற்ற குழுக்களும் தங்கள் வசதிக்கேற்ப எடுத்துக்கொள்ளலாம்.

1. ஓர் அணிக்கு ஒரு நாளில் ஒரே ஆட்டம். மைதானம் கிடைக்காவிட்டால் அணிகளைக் குறைப்போம், ஓய்வைக் குறைக்க மாட்டோம்.
2. 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு எல்லைக் கோடு அருகில் இருக்கும். தூரத்தில் விழும் பந்தை இடையில் ஒருவர் வாங்கிக் கொடுக்க வேண்டும்.
3. பந்து வீசிய பையனை அதே ஆட்டத்தில் எல்லைக் கோட்டிலோ விக்கெட் கீப்பராகவோ நிறுத்தக் கூடாது.
4. ஒவ்வொரு அணிக்கும் எறிகளை எண்ண ஒருவர். ஸ்கோர் புத்தகத்தில் தனிக் கட்டம்.
5. ஆட்டத்துக்கு முன் 15 நிமிடம் உடலைச் சூடேற்றும் பயிற்சி. நேரே வந்து ஓங்கி எறியக் கூடாது.
6. கை வலி என்று சொன்ன பிள்ளைக்கு அன்று ஆட்டம் இல்லை. ஆனால் அணியில் அவன் பெயரும் சான்றிதழும் உண்டு. அப்படிச் செய்தால்தான் பிள்ளைகள் வலியை மறைக்க மாட்டார்கள்.

எங்கே போவது?

முதலில் பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனையின் எலும்புப் பிரிவில் காட்டலாம். பெரிய சிகிச்சைக்குச் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற எண்ணில் அரசு மருத்துவ ஆலோசனை கிடைக்கும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள், நோய் வரும் வரை காத்திருக்காமல் இப்போதே குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழோடு விண்ணப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் நிரப்ப உதவி வேண்டுவோர் அலுவலக நேரத்தில் வந்தால் நாங்களே நிரப்பித் தருகிறோம். எக்ஸ்ரே செலவுக்கும், பிசியோதெரபிக்குப் போய்வரும் பஸ், ஆட்டோ செலவுக்கும் சிரமப்படுகிறவர்கள் கூச்சப்படாமல் எங்களிடம் சொல்லுங்கள். மருத்துவ உதவி நிதி அதற்குத்தான் இருக்கிறது.

அந்தப் பையன் இப்போது நலமாக இருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். கை இன்னும் கடைசி அளவுக்கு முழுமையாக நீளவில்லை. பயிற்சி தொடர்கிறது. எறிவதற்கு மருத்துவர் இன்னும் அனுமதி தரவில்லை. இந்த ஆண்டுப் போட்டியில் எறிகளை எண்ணும் பொறுப்பை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். எந்தப் பையன் எண்ணிக்கையைத் தாண்டினாலும் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லும் உரிமையை அவனுக்குக் கொடுத்திருக்கிறோம். அணித் தலைவர்களும் பெற்றோர்களும் அவன் சொல்லுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

நம் பிள்ளைகளை அல்லாஹ் எல்லாத் தீங்குகளிலிருந்தும் காப்பானாக. ஆமீன்.